ஒரே கோடாகப் போன தடம்

நான் அளந்து விடுகிறவன் என்று ஊருக்கே தெரியும். நான் பிடித்த மீன் வருடத்துக்கு ஒரு சாண் வளரும். ஆனால் இதில் ஒரு விரற்கடைகூட நான் கூட்டவில்லை. கூட்டத் தைரியமும் இல்லை.

வனத்துறையில் எனக்குத் தடம் பார்க்கிற வேலை. பழைய இடத்துக்கே மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வாரம் ஓடைக்கு அந்தப் பக்கம் ஏழு ஆடுகள் குதறிக் கிடந்தன. பழி தடியன் மேல் விழுந்தது. தடியன் என் அக்கா வளர்க்கும் நாய். பூனையைக் கண்டால் கட்டிலுக்கடியில் பதுங்கும் மாவீரன்.

"ஓநாய்னா ஒன்பது மணிக்குள்ள தடத்தோட வா. இல்லேன்னா நாயை ஊசி போட்டுக் கொன்னுடுவேன்" என்றார் ரேஞ்சர்.

"அவனுக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும். அப்புறம் அக்கான்னு வாசப்படி மிதிக்காதே" என்றாள் அக்கா.

காலை 5.40. சாய்ந்த வெளிச்சத்தில்தான் தடம் எடுப்பாகத் தெரியும். ஓடை மணல் முழுக்க நாய்த்தடம். பரத்திய விரல், மழுங்கிய நகம், இங்கே மோப்பம், அங்கே வட்டம். வேலைக்குக் கிளம்பிய என்னைப் போலவே ஊரெல்லாம் சுற்றியிருந்தன. எரிச்சலாக வந்தது.

5.55. கிடைத்தது. நீள்வட்டம். கூர்நகம். நூல் பிடித்ததுபோல் ஒரே கோடு. ஓநாய் வெட்டியாக ஓரடி வைக்காது. முன்னங்கால் பதிந்த குழியிலேயே பின்னங்காலை வைக்கும்.

பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினேன். இடது முன்னங்கால். ஒரு நகம் பிளந்திருந்தது. அறிக்கைக்கு நான்கு கால்களின் அச்சும் வேண்டும். அடுத்த தடம்... அதுவும் இடது முன்னங்கால். அடுத்தது... அதே பிளந்த நகம்.

அரைமணி நேரம் முட்டி தேயத் தேடினேன். வலதுகால் இல்லை. பின்னங்கால் இல்லை. "மிச்ச மூணு காலை எங்கடா வச்சே?" என்று மணலைத் திட்டினேன். நான்காவது அச்சோடு மாவும் தீர்ந்தது. அதுவும் அதே கால்.

6.25. தப்...

பின்னால். ஈரத்துணி விழுந்த மாதிரி.

திரும்பினேன். யாருமில்லை.

நடந்தேன். தப்... நின்றேன். அதுவும் நின்றது.

கீழே பார்த்தேன். வந்த வழியெல்லாம் என் பூட்ஸ் தடம். ஒவ்வொன்றின் உள்ளேயும்... பிளந்த நகம்.

என் தடத்தில் அது கால் வைத்து வந்திருந்தது.

கடைசித் தடம் என் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால்.

அதில் மணல் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

ஓடினேன்.

8.50. ரேஞ்சர் நான்கு அச்சுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். கூண்டில் தடியன் வாலாட்டினான். ஊசி தயாராக இருந்தது.

"நாலும் ஒரே கால். நீயே குத்தி எடுத்திருக்கே."

"எதை வச்சு சார் குத்துவேன்? என் காலையா?"

அவர் சிரிக்கவில்லை. "ஸ்டோர்ல இருக்கிறதை வச்சு" என்று சாவியை எடுத்தார். "பழைய ரேஞ்சர் பயிற்சிக்குன்னு வச்சிட்டுப் போனது. பொறியில மாட்டின ஓநாய் தன் காலைத் தானே கடிச்சுத் துண்டிச்சிட்டு ஓடியிருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

தூசி படிந்த அலமாரி. கண்ணாடிப் பெட்டி. நான்கு பக்கமும் அரக்கு முத்திரை. ஒன்றுகூட உடையவில்லை.

உள்ளே காய்ந்துபோன இடது முன்னங்கால். பிளந்த நகம்.

விரலிடுக்கில் ஈர மணல்... ஆட்டு மயிர்.

"நாயை அவுத்து விடு" என்றார்.

தடியனை அக்கா கூட்டிப்போனாள். நான் அங்கேயே நின்றேன். பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பதினோரு வருடப் பழசு. பொறி வைத்த மறுநாள் போய்ப் பார்க்கவேண்டும் என்பது விதி. யாரும் போகவில்லை, ஐந்தாம் நாள்தான் போய், துண்டாகிக் கிடந்த காலை எடுத்திருக்கிறார்கள்.

பொறி வைத்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போட்ட கையெழுத்து.