மைக்கை அணைத்த ஞாயிறு

மைக்கை அணைத்தது நான்தான். ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளிக்கூட மாடியை வாடகைக்கு எடுத்து ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனை நடத்திவந்தோம். நான் அந்தச் சபையின் செயலர். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை அவரவர் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் யாராவது நீட்டிக்கொண்டே போனால் ஒலியைக் குறைத்துவிடுவது என் வழக்கம். அன்று பேசிய சகோதரி நீட்டவில்லை. இரண்டே வாக்கியம்தான் சொன்னார். மூன்றாவது வந்துவிடக் கூடாதே என்றுதான் அணைத்தேன்.

அவரை எல்லோரும் மல்லாபூர் சகோதரி என்போம். நெல்லைப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். மல்லாபூரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவர். பொறியாளர்களும் ஐ.டி. குடும்பங்களும் நிறைந்த எங்கள் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மகள் தெலுங்கில் கேட்பதற்கெல்லாம் மெதுவாகத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அதற்கு முந்தைய மாதம்தான் வெளியூரிலிருந்து தீர்க்கதரிசி ஒருவரை அழைத்துக் கூட்டம் வைத்திருந்தோம். வரிசையில் நின்று ஜெபம் பெற்றோம். எனக்குப் பதவி உயர்வு என்றார். பின்னால் நின்றவருக்கு அமெரிக்க விசா. ஆண்டவர் வாய் திறந்தால் இப்படித்தான் இனிக்கும் என்று நம்பிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மல்லாபூர் சகோதரி எழுந்து மைக்கை வாங்கினார். ஜெபத்தில் ஒரு வார்த்தை வந்ததாம். அது யாருக்கு, எதைப் பற்றி என்று தனக்கே தெரியாதாம். பிறகு சொன்னார்: "தொட்டுப் பாக்காத கை கையெழுத்துப் போடுது. சுவத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க உக்காந்து சாப்பிடுதாங்க."

சபையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நாச்சாரத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில் பாய்லருக்கு நான் பொறுப்பு. நீராவி அளவுக்கு மேல் அழுத்தினால் தானே திறந்து வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு ஒன்று அதில் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை அதன் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதமாக நான் தூக்கிப் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுவந்தேன். பாய்லர் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ஒப்பந்த வேலைக்கு வரும் பெண் பிள்ளைகள் மதியம் அங்கேதான் சாப்பிடுவார்கள். இதில் எதையும் நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. அந்தச் சகோதரி எங்கள் தொழிற்சாலையின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகரும் குழுவினரும் கூடிப் பேசினார்கள். இப்படிப் பயமுறுத்தும் பேச்சு சபைக்கு ஆகாது, இனி சொல்லப்போவதைப் போதகரிடம் முன்கூட்டியே காட்டிவிட்டுத்தான் அவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று முடிவானது. அதை அவரிடம் சொல்லும் வேலை செயலருக்கு வந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். நானே போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி" என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை மதியம் பாய்லர் அருகே போனேன். இது வெறும் தற்செயல் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் போனேன். கைப்பிடியைத் தூக்கினேன். அசையவில்லை. ஆப்பரேட்டரும் சேர்ந்து முயன்றார். அசையவில்லை. உப்பும் துருவும் ஏறி வால்வு இறுகிப்போயிருந்தது. சுவருக்கு அப்பால் டிபன் பாக்ஸ்கள் திறக்கும் சத்தமும், ஒரு பெண் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரிப்பதும் கேட்டன. பிறந்தது முதல் ஆலயத்தில் முழங்கால் படியிட்டிருக்கிறேன்; ஆண்டவர் இவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்று அந்த எண்ணெய்ப் பிசுக்குத் தரையில்தான் அறிந்தேன்.

பாய்லரை நிறுத்தச் சொன்னேன். நான்கு நாள் உற்பத்தி நின்றது. மேலாளரிடம் என் பொய்க் கையெழுத்துகளையும் சேர்த்தே ஒப்புக்கொண்டேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. பாய்லர் வெடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. அதனால் இதை யாரிடமும் நிரூபிக்க எனக்கு வழியில்லை. தீர்க்கதரிசனத்தைக் கேட்டு நடந்துவிட்டால் காட்டுவதற்குச் சாட்சியம் எதுவும் மிஞ்சுவதில்லை என்று இப்போது தோன்றுகிறது. மனதுக்குப் பிடித்ததைச் சொன்ன குரலை மேடையேற்றினோம். ஒளித்துவைத்த இடத்தைத் தொட்ட குரலைத்தான் அணைத்தேன்.

அந்தச் சகோதரியிடம் போய்ச் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதுவரை அவர் ஆராதனைக்கும் வரவில்லை. மல்லாபூரில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குப் போனேன். ஆள் இளைத்துப்போயிருந்தார். ஆண்டவர் பேரில் பொய் சொல்லிவிட்டேனோ என்று பயந்து, அன்றிலிருந்து பகலெல்லாம் சாப்பிடாமல் ஜெபித்துக்கொண்டிருந்தாராம். நான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டுச் செயலர் பொறுப்பிலிருந்து விலகப்போவதையும் சொன்னேன். அப்படியே செய்தேன்; போதகரும் பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அன்று, தான் சொன்னது மெய்யாகிவிட்டது என்ற பெருமை அவர் முகத்தில் துளியும் இல்லை. சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பிள்ளைங்க நல்லாருக்காங்களா அண்ணாச்சி?"