இருவருக்காக வைத்த காபரேட்டர்

செய்தி வந்தபோது நான் ஆயித்தியமலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பாடசாலை வட்ஸ்அப் குழுவில் அதிபர் ஒரே வரி போட்டிருந்தார்: ரஞ்சினி டீச்சர் இன்று விடியற்காலை எங்களை விட்டுப் போய்விட்டார். முந்தின நாள் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தவர் பிறகு கண் திறக்கவே இல்லை. பஸ் வலையிறவுப் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் நின்ற பெண், "கொஞ்சம் உள்ளுக்குப் போங்க தங்கச்சி" என்றார். போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்படியானவற்றைச் சொல்வதற்கு எனக்கு இருந்த ஆள் அவர்தான்.

உன்னிச்சைப் பக்கத்திலுள்ள எங்கள் சிறிய பாடசாலையில் அவர் கணிதம் படிப்பித்தார் என்பது இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நியமனம் கிடைத்து வந்த முதல் கிழமை ஆசிரியர் அறையில் நான் வாயே திறக்கவில்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்து, "நாவற்குடாவா நீ? நான் கல்லடி. நாளைக்கு ரோட்டுக்கு வா கா, பின்னால ஏறு" என்றார். அவ்வளவுதான் எங்கள் அறிமுகம். எங்கள் ஊரில் பெண்கள் செல்லமாகக் கூப்பிடும் அந்தக் "கா"வோடு அவர் எனக்கு அக்கா ஆனார்.

அவருடைய வண்டி, கட்டாருக்குப் போன அவர் தம்பி விட்டுச் சென்ற பழைய மோட்டார் சைக்கிள். முன்னால் பெற்றோல் டாங்கி இல்லாததால் சேலையோடு ஏறி ஓட்டலாம். பின்னால் உட்கார்ந்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. அவரால் என் முகத்தைப் பார்க்க முடியாது. எனக்கும் அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். ஒருவரின் முகத்தைப் பார்த்தால் வராத பேச்செல்லாம் அந்த முதுகிடம் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் சிரித்ததையும், வாவியில் வலை வீசும் அப்பாவுக்கு என் வேலை என்னவென்று சரியாகத் தெரியாததையும் அங்கேதான் சொன்னேன். காற்றில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. "ஓம், சொல்லு" என்று மட்டும் இடையிடையே சொல்வார்.

பெற்றோலைக் கிழமைக்கு இவ்வளவுதான் என்று பங்கிட்டுத் தந்த காலத்தில் அந்தப் பயணம் முடிந்துவிடும் போலிருந்தது. என்னை ஏற்ற அவர் கல்லடியிலிருந்து பாடசாலைக்கு எதிர்ப்பக்கமாக வரவேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது. "உனக்காக அந்தப் புள்ள ஏன் எண்ணெய எரிக்கணும்? வேலைய விட்டுட்டு வீட்டோட இரி" என்றார் அம்மா. அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்த நாள், கல்லடி வரை நான் நடந்து வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"நடந்து வந்து களைச்சுப்போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால நிண்டு கொட்டாவி விடப்போறியா? மைலேஜக் கூட்டுவம், பொறு."

அன்றிலிருந்து அவருடைய கைப்பையில் ஒரு திருப்புளி இருந்தது. காபரேட்டரில் காற்றையும் பெற்றோலையும் கலக்கும் சிறிய ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்புவார், ஓட்டிப் பார்ப்பார், மறுபடி திருப்புவார். அளந்து பார்க்க, வெறும் சேலைன் போத்தலில் பெற்றோல் ஊற்றி ஹேண்டிலில் தொங்கவிட்டு, குழாயைக் காபரேட்டருக்குக் கொடுத்தார். வவுணதீவில் வயலுக்குப் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தியே விட்டார்.

"என்ன டீச்சர், வண்டிக்குக் காய்ச்சலா?"

"ஓம் அண்ணே. ஆசுபத்திரி வாட்டில கட்டில் இல்லையாம், அதான் ரோட்டுலயே ஏத்துறம்."

"அப்ப பின்னால இருக்கிறவ மிஸ்ஸியா?"

திடீரென்று நர்ஸாகிப்போன எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போத்தல் தீர்ந்து வண்டி நிற்கும் இடம்தான் கணக்கு. நான் இறங்கிக்கொள்கிறேன், தனியாக ஓடிப் பாருங்கள் என்றால் விடமாட்டார். "நீ இல்லாம ஓடினா அது பொய்க்கணக்கு புள்ள. போறது ரெண்டு பேர்."

ஆனால் கணக்கு சரிவரவில்லை. அது அறுவடைக் காலம். வயல் வட்டைகளில் அறுவடை மெசின் ஓட, வீதியோரம் முழுவதும் நெல் காய்ந்தது. எவ்வளவு திருப்பியும் வண்டி முன்னைவிட அதிகமாகக் குடித்தது. ஒரு நாள் ஆயித்தியமலைக்கு இந்தப் பக்கம் இழுக்க மாட்டாமல் நின்றேவிட்டது. அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். காற்றை வடிகட்டும் எயார் பில்டரைத் தட்டியதும் நெல்தூசியும் சுணையும் கொட்டின. அதை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

"பாத்தியா கா, மூக்கடைச்சுக் கிடந்தவனுக்குச் சோத்தக் குறைச்சிருக்கன்!"

தூசியைத் தட்டி, திருப்பிய ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். அறுவடை முடியும் வரை பாடசாலை வாசலில் வண்டியை நிறுத்தியதும் பில்டரைக் கழற்றித் தட்டுவது எங்கள் வழக்கமானது. அந்தக் கிழமைப் பெற்றோல் வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை வந்தது, இருவருக்கும். அம்மா பிறகு வேலையை விடச் சொல்லவில்லை. இன்றைக்கும் நான் ஆசிரியராக இருப்பது அப்படித்தான்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் அவருடைய அம்மா வண்டித் திறப்பை என் கையில் தந்தார். ஓட்டப் பழகிக்கொண்டேன். இப்போது பெற்றோல் மிஞ்சுகிறது. பாலத்தில் எதிர்க்காற்று அடிக்கும்போது எனக்கு முன்னால் யாரும் இல்லை. சொல்ல வருவதெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

போன கிழமை நாவற்குடாவில் வண்டியைக் காட்டினேன். மெக்கானிக் இன்ஜினைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சிலோ கூடக் கிடக்குத் தங்கச்சி. சும்மா நிண்டு எரியுது. குறைச்சு விடவா?" என்றார்.

வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் அந்த வேகம் ஏன் கூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலையில் சேலையைப் பிடித்துக்கொண்டு நான் மெதுவாக ஏறி உட்காரும் வரை இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க அக்கா அப்படி வைத்திருந்தார்.

"வேணாம் அண்ணே. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்: இன்னொருவர் ஏறும் வரை காத்து நின்று எரிகிற அந்தக் கொஞ்சப் பெற்றோல்.