நான் குழுவில் இல்லாத வருடம்

பன்னிரண்டாவது வயதில் நான் செய்த ஒரே குற்றம் வளர்ந்ததுதான். அதுவரை எங்கள் சியர்லீடிங் குழுவில் எல்லோருக்கும் மேலே நிற்பவள் நான். மூன்று பெண்கள் என் பாதங்களைப் பிடித்துத் தூக்க, உச்சியில் ஒரு காலை மடித்துக் கைகளை விரித்து, பல் தெரியச் சிரிப்பேன். கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் நாங்கள் பழகும் மண்டபத்தின் கூரை விளக்குகளில் படிந்திருந்த தூசியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கோடை விடுமுறை முடிந்து திரும்பிப் போனபோது என்னைத் தூக்கிய மூவரும் ஒன்றாக முனகினார்கள்.

எங்கள் பயிற்சியாளர் டெபி வார நாட்களில் முடி வெட்டும் கடையில் வேலை செய்பவர். எதையும் நறுக்கென்று சொல்லிவிடுவார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இனி நீ மேலே ஏற முடியாது என்றார். கீழே நிற்கிறவர்களுக்குப் பல்டி தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம், பின்பக்கமாகப் பாய்ந்து கையூன்றி எழும்பும் 'பிளிக்' ஆவது வேண்டும். எனக்கோ ஒழுங்கான குத்துக்கரணமே வராது. பின்வரிசையில் நின்று பொம்பொம் குஞ்சங்களை ஆட்டலாம்; அல்லது ஒரு வருடம் போட்டிகளை விட்டுவிட்டு, டாகன்ஹாமில் இருந்த ஜிம்னாஸ்டிக் வகுப்பில் பல்டியைப் பழகிக்கொண்டு வரலாம். இரண்டுமே சனிக்கிழமை காலையில்தான். யோசித்துச் சொல் என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

அம்மாவுக்கு இது நல்ல செய்தியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நான் குழுவில் சேர்ந்த புதிதில், அந்தக் குட்டைப் பாவாடையைக் கண்டுவிட்டு அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் விளிம்பில் நாலு விரல் துணி சேர்த்துத் தைத்தார். தையலின் நேர்த்தியைக் கண்ட டெபி மற்றப் பிள்ளைகளின் பாவாடைகளையும் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார். எங்கள் பாவாடைகள் எல்லாம் ஒரே நீளமாக வேண்டும் என்பது அவருடைய நியாயம். அடுத்த போட்டியில் நாட்டிலேயே நீளமான பாவாடை கட்டிய குழு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு சனிக்கிழமைகளில் மண்டபத்தின் மூலையில் அம்மாவுக்கென்று ஒரு மேசை போடப்பட்டது.

இரவுச் சாப்பாட்டில் விசயத்தைச் சொன்னேன். அப்பா இடியப்பத்துக்குச் சொதி விட்டபடி, பழகுவதென்றால் ஒழுங்காகப் பழகத்தான் வேண்டும் என்றார். அம்மாதான் மறித்தார்.

"ஒரு வருசம் விட்டிட்டு நிண்டால் ஆர் உன்னைத் திருப்பிச் சேர்ப்பினம்? பின்வரிசையில நிண்டால் என்ன, குறைஞ்சே போவாய்?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நீர்தானே சட்டை கட்டையாக் கிடக்கு, உது வேண்டாம் எண்டு நிண்டனீர்?"

"அது அப்ப," என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை அம்மாவுக்காகப் பின்வரிசையில் நின்று பார்த்தேன். என்னுடைய இடத்தில் ஒரு சிறுமி ஏறிக் கைகளை விரித்தாள். எனக்கு முன்னால் நின்றவர்களின் தலைமுடியும் ரிப்பனும் மட்டுமே தெரிந்தன. எல்லா அசைவையும் பிசகாமல் செய்தேன். இடையில் நான் வீட்டுக்குப் போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் புல்லில் பழைய மெத்தையை இழுத்துப் போட்டேன். அப்பா முதுகைத் தாங்கிப் பிடிக்க வந்தார். நான் பின்பக்கமாகப் பாய்ந்தேன். என் குதிக்கால் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட, அவர் என்னைப் பிடிக்கப் போய், இருவரும் கொடியில் காய்ந்த போர்வையோடு சேர்ந்து விழுந்தோம். போர்வைக்குள் இருந்து அப்பா சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தலைகீழாகப் போன அந்த ஒரு கணம் எனக்குப் பிடித்துப்போயிற்று. குசினிக்குள் போய்ச் சொன்னேன்.

"அம்மா, நான் ஒரு வருசம் விடப் போறன். பிளிக் அடிச்சுப் பழகிட்டுத்தான் திரும்பிப் போவன்."

அம்மா கறியைக் கிளறியபடியே சொன்னார். "சரி, நீ போ. ஆனால் பிள்ளையளின்ரை சட்டையள் அரைகுறையாக் கிடக்கு. நான் அதைத் தைச்சு முடிச்சுக் குடுக்க வேணும்."

அந்தச் சட்டைகளைத் தைத்து முடிக்க அம்மாவுக்கு ஒரு வருடம் பிடித்தது.

சனிக்கிழமை காலைகளில் அப்பா என்னைக் காரில் டாகன்ஹாமுக்குக் கொண்டுபோவார். அம்மா தையல் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் பஸ் ஏறுவார். ஜிம்னாஸ்டிக் மண்டபத்தில் என் இடுப்பு உயரப் பிள்ளைகள் தவளைக் குஞ்சுகளைப் போல முன்னும் பின்னும் பாய்ந்து திரிந்தார்கள். நான் ஒருத்தி நடுவில் தென்னைமரம் மாதிரி நின்று, தென்னைமரம் மாதிரியே விழுந்தேன். பஞ்சுக் குழிக்குள் விழுந்து விழுந்து, விழுவதும் ஒரு விளையாட்டாகிவிட்டது. பனிக்காலம் முடியும் தறுவாயில் ஒரு நாள், உலகம் கவிழ்ந்து, என் உள்ளங்கைகளைத் தொட்டு, மறுபடி நிமிர்ந்து பழைய இடத்திலேயே நின்றது. மண்டபம் முழுவதும் ஓடி எல்லோரையும் கட்டிப்பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் குழுவின் புதினங்கள் அம்மாவிடம் இருந்தன. யார் அழுதது, யாருக்குப் பல்லில் கம்பி போட்டது, குழுப் பிள்ளை ஒருத்தியின் தாய் மோரீன் கொண்டுவந்த கேக் எப்படிக் கருகியது, எல்லாம் அவருக்குத் தெரியும். டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அப்பா கதைக்க, பக்கத்தில் நின்று தலையாட்டுவதே அதுவரை அம்மாவின் வழக்கம். இப்போது மோரீனோடு தொலைபேசியில், 'யெஸ் டார்லிங், நோ டார்லிங்' என்று நீளமாகக் கதைத்தார். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. அது என்ரை குழு என்று ஒரு நாள் சொல்லியே விட்டேன். "ஓம், ஆர் இல்லை எண்டது?" என்றபடி ஊசியில் நூலைக் கோத்தார் அம்மா.

நான் குழுவுக்குத் திரும்பிய பிறகு, அடுத்த வருடப் போட்டி தெற்கு லண்டனில் குரோய்டன் பக்கத்தில் ஒரு பெரிய விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. இசை தொடங்கியது. என் முறை வந்தபோது நான் பின்பக்கமாகப் பாய்ந்து, கையூன்றி எழுந்து, நேராக நின்றேன். அப்பா இருக்கைமேல் ஏறிக் கைதட்டினார். அம்மாவைத் தேடினேன். நாங்கள் ஆடிய பாயின் ஓரத்தில், வாயில் ஊசிகளைக் கவ்வியபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்ததாக ஆட இருந்த ஒரு சின்னப்பிள்ளையின் அறுந்த பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு மூன்றாமிடம் கிடைத்தது. பிள்ளைகள் எல்லோரும் ஓடிப்போய் முதலில் கட்டிப்பிடித்தது அம்மாவைத்தான். என் பிளிக்கைக் கண்டீங்களோ என்று கேட்டேன். கண்டனான் என்றார். காணவில்லை என்று எனக்குத் தெரியும்.

குழுவுக்காகப் பிடித்த பஸ்ஸில் திரும்பும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பின்னால் மோரீனுக்கும் மற்றத் தாய்மாருக்கும் நடுவில் அம்மா, இங்கிலிஷில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். முதன்முதல் அந்தப் பாவாடையைக் கண்டபோது, மிச்சத் துணி பொதிக்குள் கிடக்கும் என்று தேடிய கதை. அவருடைய இங்கிலிஷில் இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றோடொன்று இடிபட்டன. முடிவில் பஸ்ஸின் பின்பாதி வெடித்துச் சிரித்தது. எல்லோரையும்விட அம்மா பெரிதாகச் சிரித்தார்.

அப்பா கழுத்தைத் திருப்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் இங்கிலிஷ் அவருக்கு வெட்கமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்து, மெதுவாகக் கதைக்கச் சொல்லி நான் போய்ச் சொல்லட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார் அப்பா. "அவ கதைக்கட்டும்."

அம்மாவுக்காக எங்கும் தானே கதைத்துவந்த அப்பா ஏன் அவரை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் யோசிக்கவில்லை. என் பிளிக்கைப் பற்றி அந்த பஸ்ஸில் ஒருவரும் கதைக்கவில்லையே என்பதுதான் அப்போது என் பெரிய கவலையாக இருந்தது.