பூனை போட்ட பட்டா

எனக்கு எண்பத்திரண்டு வயது நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பூனை ஒன்றைக்கூட வளர்த்ததில்லை. அதுகளாக வந்தன, அதுகளாக வளர்ந்தன. பூனை வந்து காலில் உரசினால் போதும், என்மேல் எவ்வளவு பாசம் பார் என்று உருகிப்போகிற ஆட்களை இந்த வயதிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாசமாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒன்று, சாம்பல் நிறப் பூனை. இன்னொன்று, என் வீட்டுக்காரரின் அக்கா. பூனை சொல்லாமல் வந்தது. நாத்தனார், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டும் போகவில்லை.

பூனை உரசுவதை வேலைக்கு நடுவே பார்த்துக்கொண்டே இருப்பேன். அது மனிதரை மட்டுமா உரசுகிறது? நிலைக்கதவை உரசும். அம்மிக்கல்லை உரசும். என் வீட்டுக்காரரின் சைக்கிள் சக்கரத்தில் கன்னத்தை வைத்துத் தேய்க்கும். அம்மிக்கல்மேல் அதற்கு என்ன பாசம்? பொங்கலுக்கு வெள்ளையடித்தால், சுண்ணாம்பு காய்ந்த மறுநாள் அதற்குத் தலைக்குமேல் வேலை. மூலை மூலையாகப் போய், பழைய இடங்களிலெல்லாம் கன்னத்தையும் விலாவையும் மறுபடி தேய்த்துவிட்டு வரும். தன் வாடை அழிந்துபோனது அதற்குப் பொறுக்காது. திரும்பப் பூசி, இது என்னுடையது என்று வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

அந்தச் சமயம் அவர் எங்கள் நிலத்துக்குப் பட்டா மாற்றுவதற்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

"நீங்க அங்கன கெடந்து அலையுறீக. இது இங்கன ஒக்காந்த எடத்துலயே பட்டா போடுது, பாருங்க" என்றேன்.

"பூனைக்குப் பட்டாவா? போயி சோலியப் பாரு" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

நாத்தனாருடைய கட்சி வேறு. பால்சோற்றுக் கிண்ணத்தோடு அவர் உட்கார்ந்தால் பூனை அவர் காலைச் சுற்றிச் சுற்றி வரும். "மனசு சுத்தமா இருக்கவுகளத்தான் பூனை ஒரசும். அதுக்குத் தெரியும்" என்பார். மனசாம், சுத்தமாம்; கையில் இருந்த கிண்ணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இதைத் தெருவே நம்பியது. என் வீட்டுக்காரர் தெருவுக்கு முன்னால் நம்பினார். யார் வீட்டுக்கு வந்தாலும், பூனை உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பித் தண்ணி வைக்கச் சொல்லுவார். என் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும்வரை நானும் சும்மா இருந்தேன்.

இரண்டு இடம் வந்தது. முதல் இடம் நாத்தனாரின் புருசன் வழியில் சொந்தம். பையனுக்குச் சந்தையில் கருவாட்டுக் கடை. வந்தவன் என் மகளை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை; சுவர்க் கண்ணாடியில் தன் கிராப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூனையோ அவனை விடவில்லை. பாதம், முழங்கால், வேட்டிக்கரை என்று தேய்த்துத் தீர்த்தது. கதவு மட்டும் திறந்திருந்தால் ஊர்ப்பூனை மொத்தமும் வந்திருக்கும்.

"பாத்தியா தம்பி, தங்கமான பய" என்றார் நாத்தனார்.

மறுவாரம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு பையன் தன் தாயோடு பஸ் மாறி வந்தான். திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "கோவிச்சுக்கிராதீக. காலைல கொடிக்குக் கந்தகத் தூள் தூவிட்டு அப்பிடியே பஸ் ஏறிட்டேன். வாடை அடிக்கும்." அவன் தாய்க்கு வெட்கம் தாங்கவில்லை. கதவுக்குப் பின்னால் என் மகள் சிரித்தது எனக்குக் கேட்டது. பூனை வந்தது, அவன் காலை மோந்தது, இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் பரண்மேல் ஏறிக்கொண்டது.

அவர்கள் படியிறங்கக்கூட இல்லை. "பூனையே வேணாம்னு போயிருச்சு. அந்தப் பய மனசுல என்னமோ இருக்கு தம்பி" என்று நாத்தனார் தொடங்கிவிட்டார்.

"அது மனச மோந்து பாக்கல, கந்தகத்த மோந்து பாத்துச்சு" என்றேன் நான்.

"அக்கா சொன்னா காரணம் இருக்கும்" என்றார் அவர்.

அடுப்படியில் மகள் மெதுவாகச் சொன்னாள்: "யம்மா, வாடை அடிக்கும்னு வாயால சொன்னவுக அவுக ஒருத்தர்தான். கருவாட்டுக்காரர் அதக்கூடச் சொல்லல." ஒரு பூனையின் மூக்கு என் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதா?

வெள்ளிக்கிழமை, கருவாட்டுக்காரர் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வருவதாக ஏற்பாடு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. நாத்தனார் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வருஷக்கணக்காய் மடித்து வைத்திருந்த அரக்குப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அவருக்கு முன்னால் அந்துருண்டை வாடை வந்தது. அதோடு பேசாமல் புறப்பட்டுப் போயிருக்கலாம். சகுனம் பார்க்கிற புத்தி விடுமா?

"வாடி ராசாத்தி. நல்ல காரியத்துக்குப் போறேன், ஒரு ஒரசு ஒரசிட்டுப் போ" என்று அவரே பூனையைக் கூப்பிட்டார்.

வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. சேலைக் கரையில் மூக்கை வைத்தது. ஒரு சீறல் சீறிவிட்டு ஒரே தாவில் பரணுக்குப் போய்விட்டது.



"என்ன மதினி, ஒங்க மனசுலயும் என்னமோ இருக்கோ?" என்று கேட்டேன்.

"அடி போடி! அது அந்துருண்டை வாடைக்கு ஓடுது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். "அப்ப, கந்தகம் தூவுன பயலுக்கு மட்டும் வேற நாயமாக்கா?" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காமயகவுண்டன்பட்டிக்காரர்களைப் பார்க்கக் கம்பம் பஸ் ஏறப் போய்விட்டார்.

நாள்கணக்காய் நான் வாய்வலிக்கச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பூனை ஒரு சீறல் சீறியது, உடனே காதில் ஏறிவிட்டது. ஆம்பளைகளின் அறிவு இவ்வளவுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டுவிட்டாள்.

நாத்தனார் ஒரு வாரம் பூனைக்குச் சோறு வைக்கவில்லை. பட்டு பெட்டிக்குள் போனதும் பூனை வந்து அவர் காலைப் பழையபடி தேய்த்தது. பட்டாவைப் புதுப்பிக்க வேண்டாமா? "என்னைய மறக்கல பாரு, பாசக்கார சீவன்" என்றார். கடைசிவரை திருந்தவே இல்லை.

இந்தப் புத்தி ரத்தத்தில் வருமோ என்னவோ. கந்தகக்காரருக்கு வாக்கப்பட்ட அந்த மகளின் மகள்தான் இப்போது என் எதிரில் பூனையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அம்மாச்சி, எம்மேல எம்புட்டு ஆசை பாரு இதுக்கு" என்கிறாள்.

ஏத்தா, ஆசை இருக்கட்டும். அத எறக்கி விட்டுட்டு இங்கன வா. நான் எழுதினத மொதல்லருந்து சத்தமா வாசி. "பட்டா"வுக்குப் புள்ளி வச்சிருக்கேனான்னு பாத்துச் சொல்லு.