தறி நின்ற கூட்டம்

குடியாத்தத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு என் வேலை என்னவென்று புரியவைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். பல நாடுகளில் விவசாய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. நெல்லுக்கு ஒன்று, பயறுக்கு ஒன்று, தீவனப் புல்லுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி இயக்குநர், தனிக் கணக்கு, தனி வீறாப்பு. இவற்றையெல்லாம் ஒரே அமைப்பாக இணைக்கும் சீர்திருத்தக் குழுவில் நான் இருக்கிறேன். மாடி அறையில் கணினி முன்னால் உட்கார்ந்தபடியே வேலை நடக்கும். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட்டும் அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இங்க கல்யாணமானா தனிக்குடித்தனம் போய்ட்றாங்க. நீ இன்னாம்மா, தனியா இருக்கறவங்கள கூட்டுக்குடும்பமாக்கப் பாக்குற? பேஜார் புடிச்ச வேலையாச்சே."

அதன் பிறகு யார் கேட்டாலும் கூட்டுக்குடும்பம் என்றே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய தறிகள் என் சன்னலுக்கு நேர் கீழே கைலி நெய்கின்றன. இணையவழிக் கூட்டங்களின் முடிவுகளைப் பதிவு செய்பவள் என்பதால் என் மைக் எப்போதும் திறந்தே இருக்கும். ஆகவே ஆப்பிரிக்காவிலிருந்து தென் அமெரிக்கா வரை எங்கள் தறிச் சத்தம் பிரசித்தம். அது நின்றால் தெருவில் கரண்ட் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் கம்பத்திலிருக்கும் இன்டர்நெட் பெட்டி கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும், நானும் காணாமல் போவேன். பதிவு செய்ய ஆளில்லாவிட்டால் முடிவு செல்லாது. அதனால் தறி நின்றதும் தலைவர் அவசரப்படுத்துவார், சளசளவென்று பேசியவர்களும் சட்டென்று கை தூக்குவார்கள். உள்ளதைச் சொன்னால், எங்கள் குழுவின் பல நல்ல முடிவுகள் கரண்ட் கட் புண்ணியத்தில் வந்தவை.

போன வருஷம் மண் ஆய்வகங்களின் முறை வந்தது. சின்ன ஆய்வகங்களை மூடிவிட்டு நாட்டுக்கு ஒரு பெரிய ஆய்வகம் என்பது திட்டம். மூடவேண்டியவற்றில் ராணிப்பேட்டை பக்கம் இருந்ததும் ஒன்று. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்து உப்புப் பூத்துப்போன நிலத்தின் மண்ணை விவசாயிகள் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். பக்கத்தில் இருப்பதால்தான் வருகிறார்கள். பெரிய ஆய்வகம் ஐதராபாத்துக்குப் போனால் ஒருவரும் போகமாட்டார்.

இதைத் தடுக்கவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அது என் சொந்த ஊர்ப் பக்கம். சீர்திருத்தம் செய்ய வந்தவளே தன் ஊருக்கு வக்காலத்து வாங்கினால் மற்ற இயக்குநர்கள் விடுவார்களா? அதனால் எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்படி ஒரு மாற்று யோசனையும், அதை விளக்க அனுமார் வால் போல ஓர் உரையும் தயார் செய்தேன். அடுத்த கூட்டத்தில் அது நிறைவேறாவிட்டால் மூடல் தானாகவே அமலுக்கு வந்துவிடும்.

முந்தின நாள் மதில் ஓரமாக நின்ற அண்ணனிடம், "நாளைக்கு சாயங்காலம் பெரிய மீட்டிங்ண்ணா, பயமா இருக்குது," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் தலைவர் உருளைக்கிழங்கு விஞ்ஞானி. எதைப் பேசினாலும் உருளைக்கிழங்கு பிறந்த கதையிலிருந்து தொடங்குவார். அன்றும் தொடங்கினார். பிறகு இரண்டு இயக்குநர்கள் இணைந்த அமைப்பின் புதிய சின்னத்தில் எந்தப் பச்சை இருக்கவேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள். என் விஷயம் கடைசி. நேரம் போய்க்கொண்டே இருந்தது, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

திடீரென்று தறிகள் நின்றன.

"தறி நின்றுவிட்டது," என்றார் தலைவர் பதறிப்போய். "பச்சையை விடுங்கள். ஆய்வக விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள், சீக்கிரம்."

சன்னலைப் பார்த்தேன். தெருவிளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. கீழே பட்டறை வாசலில் அண்ணன் நின்றுகொண்டு, பேசு பேசு என்று கையைக் காட்டினார். எனக்காகத் தறிகளை நிறுத்தியிருக்கிறார்.

கரண்ட் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உரையை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

"மண்ணோடு விவசாயி வந்துபோகும் தூரத்தில் ஆய்வகம் இருக்கட்டும். சோதனை முறையையும் கருவி வாங்குவதையும் மட்டும் ஒன்றாக்குவோம். இதில் என் ஊர் ஆய்வகமும் இருக்கிறது, மறைக்கவில்லை."

"செலவு?" என்றார் கணக்குப் பார்க்கும் அம்மையார்.

"சேர்ந்து வாங்கினால் குறையும்."

"அப்படியானால் சரி."

வரிசையாக எல்லோரும் சரி என்றார்கள். பதிவு செய்தேன்.

"இன்னும் இருக்கிறீர்களா?" என்றார் தலைவர்.

"இருக்கிறேன்."

"ஆச்சரியம்தான்," என்றவர், விட்ட இடத்திலிருந்து பச்சையைத் தொடங்கினார்.

கூட்டம் முடிந்து கீழே இறங்கினேன். அண்ணன் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

"முடிஞ்சிதாம்மா? ஆள தறிய பாத்துக்கச் சொல்லிட்டு சரக்கு குடுக்கப் போயிருந்தேன், வந்து பாத்தா உன் ரூம்ல லைட்டு எரிஞ்சிது. அப்பதான் மீட்டிங்னு சொன்னது ஞாபகம் வந்துச்சி. சத்தம் கம்மியா இருந்தா நீ நல்லா பேசுவேன்னு நிறுத்திட்டேன்."

"உங்களுக்கு வேல கெட்டுப்போச்சேண்ணா."

"அத்த உடு," என்றவர் கொஞ்சம் யோசித்தார். "வாலாஜாவுல என் தம்பி இருக்கான் இல்ல, அவன் நெலத்துல உப்பு ஜாஸ்தியாப் போச்சி. ராணிப்பேட்டையில மண்ணு பாக்கறாங்களாமே, நாளைக்கு எடுத்துட்டுப் போலாம்னு இருந்தான். அத்த மூடப் போறாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. உனுக்கு எதுனா தெரியுமா?"

"எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கண்ணா," என்றேன். "தொறந்திருக்கும்."