தங்கையாவின் பாமாயில் டீசல்

எங்கள் சுங்கை ரம்பாய் டாக்சி ஸ்டாண்டில் தங்கையாவைப் போல ஒரு சாது கிடையாது. அவனுடைய டீசல் கார்தான் நேர் எதிர். ரோடு முழுக்கக் கரும்புகை கக்கிக்கொண்டு மலாக்காவுக்குப் போய்வரும். தொண்ணூற்றாறில் புகைப் பரிசோதனையில் இரண்டு முறை தோற்றான். இன்னொரு முறை தோற்றால் மூன்று மாதம் டாக்சி ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

அவன் மச்சான் காளிதாஸுக்குச் செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. செம்பனை எண்ணெயான பாமாயிலிலிருந்து செய்த டீசலை டின்னில் கொண்டுவந்தான். நாலு பங்கு சாதா டீசலுக்கு இது ஒரு பங்கு என்றான். கரி குறையும், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் புகை கொஞ்சம் கூடினாலும் கூடும், அதை இங்கே யாரும் அளப்பதில்லை என்றான். தொட்டியிலுள்ள பழைய அழுக்கையெல்லாம் இது கிளப்பிவிடும், ஃபில்டரை மாற்றிவிடு என்றும் சொன்னான். தங்கையா சொன்னபடியே செய்தான். இரண்டே வாரத்தில் கரும்புகை அடங்கியது. கார் போன பிறகு வடை சுட்ட வாசம் வந்தது. எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

பரிசோதனைக்கு அவன் மனைவி அன்னம்மாவும் வந்தாள். வரிசையில் என் டாக்சி அவர்களுக்குப் பின்னால் நின்றது. தங்கையா பாரம் பூர்த்தி செய்து கொடுக்கக் கவுண்டருக்குப் போனான். அன்னம்மா ஒரு விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தாள். நாலு டயருக்கும் பூசினாள். சோதிக்கப்போவது புகைக்குழாயைத்தானே? அதன்மேல் மூன்று கோடு இழுத்து, மிச்சத்தைக் குழாய்க்குள்ளேயே கொட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் கேண்டீனுக்குத் தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.

அதிகாரி குழாயில் கருவியைச் செருகி எஞ்சினை உறுமவிட்டார். வெள்ளை வெளேரென்று ஒரு மூட்டம் கிளம்பியது. கருவி காட்டிய எண்ணைப் பார்த்தார், தோல்வி என்று எழுதினார், அடுத்ததாக என்னைக் கூப்பிட்டார். தங்கையா குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தான். விரலில் ஒட்டிய விபூதியைத் துடைத்துக்கொண்டான்.

அன்னம்மாவிடம், ஃபில்டரை மாற்ற மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டான். மறுநாளிலிருந்து தோட்டத்தில் செம்பனைக் குலை சுமக்கப் போனான். அவள் தினமும் அவனைத் திட்டினாள். ஒருநாள் என் முன்னாலேயே, பொறுப்பில்லாத மனுஷன் என்று ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தேன். தங்கையா என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"சொல்லிறாதண்ணே. என்னைத் திட்டினா அவளுக்குத் தூக்கமாச்சும் வருதுலா. இது தெரிஞ்சா தன்னையே திட்டிக்குவா."