மதிலோரச் சாமி

சங்ககிரி மலைக்கோட்டையின் இடிந்த மதில்களைச் சுற்றிக் காலையிலிருந்து நடக்கிறோம். என் தோழி மாலதிக்குக் கல்லைக் கண்டால் போதும், வரலாறு பொங்கிவிடும். இறங்கிவந்த அடிவாரத்தில், மதிலோரமாக, சந்தனம் குங்குமம் பூசிச் சாமந்திப்பூ வைத்த ஒரு கல் கிடக்கிறது.

"காவல் தெய்வம்டி. கோட்டை கட்டினப்பவே வச்சிருப்பாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மூடி நிற்கிறாள். வேண்டுதல் எனக்குத் தெரியும்: பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் முழங்கால் மக்கர் பண்ணக் கூடாது.

அவள் கண் திறப்பதற்குள் ஒரு லாரி டிரைவர் வந்து சாமியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறார்.

"ஐயோ, சாமியை எங்க தூக்கிட்டுப் போறீங்க?" மாலதி மறிக்கிறாள்.

"சாமிங்களா?" அவர் கல்லைத் திருப்பிப் பார்க்கிறார். "நேத்து ஆயுத பூஜைங்க. லாரிக்குப் பொட்டு வெச்சப்ப, டயர் உருளாம அணை குடுக்கற இந்தக் கல்லுக்கும் வெச்சோமுங்க."

"அப்ப நான் வேண்டிக்கிட்டது?"

முழங்கால் விஷயத்தை நான் போட்டு உடைக்கிறேன். டிரைவர் சிரிக்கவில்லை.

"மேட்டுல லோடு லாரியவே தாங்கி நிறுத்துதுங்க. உங்க முட்டியத் தாங்காதுங்களா?"

மாலதி அவர் இடுப்பிலிருக்கும் கல்லிலிருந்து குங்குமத்தை வழித்து, சுடிதாருக்கு மேலேயே முழங்காலுக்கு ஒரு பொட்டு வைக்கிறாள்.